வீட்டிலேயே மெஷின் இருக்கிறதே

இன்று காலை தைலம் தேடிப் பரணைத் துழாவியபோது அந்தக் கரண்ட் மெஷின் கையில் சிக்கியது. சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி, நான்கு ஒயர்கள், முனைகளில் பசை காய்ந்துபோன நான்கு பட்டைகள். பார்த்ததுமே எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்று பிறகு சொல்கிறேன்.

என் மாமியாருக்கு வருடக்கணக்காக இடுப்பு வலி. குனிந்தால் நிமிர முடியாது, நிமிர்ந்தால் உட்கார முடியாது. கொரட்டூர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு பிசியோதெரபி கிளினிக்கில் அவருக்குக் கரண்ட் வைத்தார்கள். “எறும்பு ஊர்ற மாரி கீதும்மா, சொகமா கீது” என்று வாரத்தில் மூன்று நாள் கிளம்பிவிடுவார். அந்த இடுப்போடு ஸ்டேஷன் படியெல்லாம் ஏறி இறங்கி, விட்ட வலியைத் திரும்ப வாங்கி வருவானேன் என்று நானே அலைந்து இந்த மெஷினை வாங்கி வந்தேன். நல்ல மருமகள் என்று மாடி முழுக்கப் பேர்.

பட்டையை ஒட்டி, “இருபது நிமிஷம் அசையாம படுங்க அத்தை” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்காருவேன். எட்டிப் பார்த்தால், பெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒயர் தொங்கத் தொங்க வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பார். சொன்னால் கேட்கிற ஜென்மமா? “போய்ப் படுங்க” என்று கத்துவேன். ஐந்து நிமிடம் கழித்து நானே, “அத்தை, ஒரு டீ” என்பேன். அவர் மகன் சாக்ஸ் எங்கே என்பார். சிலிண்டர்காரர் மணியடித்தாலும் அத்தைதான் எழுந்து போவார்.

ஒரு மாதத்தில் வலி கூடிவிட்டது. “ஊட்ல வச்சா கேக்க மாட்டேங்குதும்மா. அங்க வச்சாதான் கேக்குது” என்றார். எனக்கு வந்ததே கோபம். “அதே கரண்ட்தானே அத்தை? வீட்டிலேயே மெஷின் இருக்கு, எதுக்கு அங்க?” பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நானும் விடவில்லை. நாலைந்து முறை சொன்னபின் போவதையே நிறுத்திவிட்டார். கண்ணை மூடும்வரை அந்த வலியோடுதான் இருந்தார்.

இப்போது எனக்கு இடுப்பு வலி. போன வாரம் அதே கிளினிக்குக்குப் போனேன். பட்டைகளை ஒட்டிய பெண், “இருவது நிமிஷம்க்கா. போனை என்னாண்ட குடுங்க” என்று வாங்கிக்கொண்டு திரையை இழுத்துவிட்டாள். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. தூங்கியே போனேன். விழித்ததும், அத்தையின் இடுப்பு எதற்குக் கேட்டது என்று புரிந்துவிட்டது. மனுஷி இதை வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் மட்டும் நான் டீ கேட்காமல் இருந்திருப்பேனா?

இன்று இரண்டாவது தடவை போகவேண்டும். கையில் இருந்த பெட்டியைப் பார்த்ததும் என் வீட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். “அட, ஊட்லயே மிஷின் கீது. இன்னாத்துக்கு அங்க போற?”

பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்தேன். பதில் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டேன்.