ஆடியில் வந்த மாப்பிள்ளை

அறுபத்து நான்காம் ஆண்டின் ஜூலை மாதத்தைப் பற்றி எழுதுவோர் கலவரத்தையும் ஊரடங்கையும் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதுவதில் பிழை இல்லை. எனினும் அம்மாதத்தை நினைக்கும்போது என்னுள் முதலில் எழுவது வற்றல் மிளகாயின் நெடி.

ஆனியில் எனக்குத் திருமணம் நடந்தது. ஆடி பிறந்ததும், புதுமணத் தம்பதியர் அம்மாதத்தில் சேர்ந்திருக்கலாகாது என்னும் வழக்கப்படி, அம்மா என்னைச் சிராங்கூன் சாலையை ஒட்டிய எங்கள் கடைவீட்டு மாடிக்கு அழைத்து வந்துவிட்டாள். அப்பா ஜொகூரில் தோட்ட வேலையில் இருந்தார். என் கணவர் அதே நகரின் கேலாங் பகுதியில் வாடகை அறையில் தனித்திருந்தார்.

நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் சென்ற மாலையில், கேலாங் பக்கம் கலவரம் மூண்டதாகச் செய்தி வந்தது. இரவில் ஊரடங்கு. நீருக்கடியில் கிடப்பதுபோல் தெரு ஒலியற்றுக் கிடந்தது. அவர் உயிரோடிருக்கிறாரா என்று சொல்ல ஒருவருமில்லை.

மறுநாள் காலை தடை நீங்கியதும் வாசலில் வந்து நின்றார். கசங்கிய சட்டை, ஒரு காலில் மட்டும் செருப்பு. "சும்மா பாத்துட்டுப் போயிடலாம்னு..." என்று என்னிடம் தொடங்கியவர், அம்மாவைக் கண்டதும் தலைகுனிந்தார். சிறிது நேரத்தில், மீண்டும் ஊரடங்கு என்று வானொலி அறிவித்தது.

அம்மா வாசலை மறித்து நின்றாள். மருமகனோடு நேரில் பேசும் வழக்கம் அவளுக்கில்லை, என்னிடம்தான் சொன்னாள்: "ஆடியில மாப்பிள்ளை உள்ள வரலாமா? சித்திரையில புள்ள பொறந்தா யாரு பதில் சொல்றது?"

கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருந்த மரைக்காயர், அம்மாவை உடன்பிறந்தவளாகவே நடத்துபவர், இதைக் கேட்டுச் சிரித்தார்.

"ஊரே அடங்கிக் கெடக்கு தங்கச்சி, ஒன் ஆடி மட்டும் அடங்க மாட்டேங்குது. மாப்பிள்ளை என் கடையில இருக்கட்டும். மொளகா மூட்டைக்கு நடுவுல படுத்தா புள்ள நெனப்பே வராது லா!"

அன்று பகல் முழுவதும் என் கணவர் கீழே கடையில் தும்மிக்கொண்டிருந்தார். பலகைத் தளத்தில் நான் கன்னம் வைத்துப் படுத்திருந்தேன். வெயில் சன்னல் கம்பிகளின் நிழலைச் சுவரில் மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தது. எனக்கும் அவருக்கும் இடையே ஒரு பலகையின் கனம். ஒவ்வொரு தும்மலும் மரத்தின் வழியே ஏறிவந்து என் செவியைத் தொட்டது. உறக்கமும் விழிப்பும் கலந்த அந்நிலையில், உலகில் அவ்வோசையைத் தவிர வேறெதுவும் எஞ்சவில்லை என்று தோன்றிற்று.

அடுத்த நாள், பண்டம் வாங்குவதற்காகத் தடையைச் சற்றுத் தளர்த்தினர். கதவைத் தட்டுபவரை மேலிருந்தே பார்ப்பதற்கென்று எங்கள் மாடித் தளத்தில் ஒரு சிறு துளை உண்டு. அதன் மூடியை நீக்கிப் பார்த்தேன். மரைக்காயரின் செருப்பை அணிந்து அவர் புறப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கேலாங்கு இன்னும் பொகையுதாம். எங்க போறீங்க?" என்றார் மரைக்காயர்.

"அத்தைக்கு எதுக்குச் சங்கடம்? ஓரமா நடந்து போயிடுவேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் என்னை விலக்கிவிட்டு மண்டியிட்டுத் துளையில் கண் வைத்தாள். நெடுநேரம் அசையவில்லை. பிறகு கண்ணிருந்த இடத்தில் வாயை வைத்தாள்.

"மாப்பிள்ளை!" அவரை அவள் நேரே அழைத்தது அதுவே முதன்முறை. "மேல வாங்க. ஆடி அடுத்த வருஷமும் வரும்."

கீழே மரைக்காயரின் குரல் எழுந்தது: "மேலேருந்தே உத்தரவு வந்துருச்சு. ஏறுங்க, என் சரக்காவது பொழைக்கட்டும்!"

அவர் படியேறி வந்தார். அம்மா இலை போட்டாள்; முகம் பாராமலே இருமுறை சோறு வைத்தாள்.

ஊரடங்கு முழுவதுமாக விலகும்வரை அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். ஒவ்வோர் இரவும் கூடத்தின் ஒரு கோடியில் அவருக்கும் மறு கோடியில் எனக்கும் படுக்கை விரித்துவிட்டு, நடுவில் குறுக்காக அம்மா படுத்துக்கொண்டாள்.