பின் சீட்டில் கேட்ட சத்தம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியும், என் மனைவிக்குத் தெரியும், அந்த வருஷம் ஹட்டனில் கராஜ் வைத்திருந்த பாஸுக்கும் தெரிந்துபோனது. எங்கள் பக்கத்தில் கைவேலை தெரிந்த எவரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கராஜ் பாஸ். இந்த மனிதர் என்னைவிடப் பத்து வயது இளையவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் மெதுவாகப் பேசப் பேச எனக்குச் சூடு ஏறும்.

பிரச்சினை இதுதான். என் காரின் பின்பக்கத்தில் ஒரு சத்தம். வளைவில் திரும்பும்போது ஒரே ஒரு டொக். பிறகு ஒன்றுமில்லை. அடுத்த வளைவில் மறுபடி டொக். றொசல்லையில் இருந்து ஹட்டனுக்கு வருகிற ரோட்டில் நேரான இடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எத்தனை டொக் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அது மூன்று பேர் கை மாறி என்னிடம் வந்த கார். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பிறந்தவன் ஒருவன் வாங்கிய முதல் கார். வாங்கியதற்குக் காரணம் என் மனைவி. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய் என்று ஒபரேஷன் நடந்தது. பிறகு இடது கையால் கூடை தூக்க முடியாது என்று கொழுந்து எடுப்பதை விட்டுவிட்டாள். பஸ்ஸில் நின்றுகொண்டு நுவரெலியா கிளினிக்குக்கு அவளைக் கூட்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவைதான் கிளினிக். கடைசியாகப் போனபோதும் டொக்டர் வழக்கமான ஒன்றைத்தான் சொல்லி அனுப்பினார்: முதுகிலோ இடுப்பிலோ புதிதாக வலி வந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்து காட்டுங்கள். நான் சரி என்றேன். அவளும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாளில்தான் சத்தம் தொடங்கியது.

கார் வந்த முதல் நாள் அவள் முன் கதவைத் திறக்கப் போனாள்.

“முன்னாடியே உட்கார்றேங்க” என்றாள்.

நான் விடவில்லை. எங்கள் தோட்டத்தில் காரில் போகிற பெண்ணை நாங்கள் பார்த்தது ஒரே ஒரு விதத்தில்தான். முன்னால் டிரைவர், பின் சீட்டில் இடது பக்கம் துரைசானி. துரையின் பெண்சாதி அப்படித்தான் மலையைச் சுற்றிப் போவாள். கொழுந்து எடுக்கிறவர்கள் ஓரமாக ஒதுங்கி நிற்பார்கள். அப்படி ஒதுங்கி நின்றவர்களில் ஒருத்தி என் மனைவி. கல்யாணமான புதிதில் எனக்கு வாத்தியார் நியமனம் வராமல் வீட்டில் குந்தியிருந்த காலத்தில், அவள் மலையில் போட்ட பேரில், அந்த நாட்கூலியில்தான் நான் சாப்பிட்டேன். அதனால் பின் கதவை நானே திறந்து, “ஏறு துரைசானி” என்றேன். லயத்து வாசலில் நின்றவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவளும் வெட்கத்தோடு ஏறி உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அது அவளுடைய இடம். நான் அவளுக்குச் செய்த ஒரே பெருமை அது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க, இரண்டு தடவையும் ஹட்டனுக்குப் போவோம். போகும்போதும் டொக், வரும்போதும் டொக்.

பாஸ் முதலில் ஷொக் அப்சோபரைப் பார்த்தார். எண்ணெய் கசிகிறது என்று மாற்றினார். பிறகு புஷ்களை மாற்றினார். டிக்கியில் கிடந்த, காரைத் தூக்குகிற ஜக்கையும் ஸ்பெயார் டயரையும் பழைய சாக்கால் சுற்றிக் கட்டினார். சைலன்சர் தொங்குகிற ரப்பரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவரே ஓட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப சத்தமே இல்லையே சேர்” என்பார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது முதல் வளைவிலேயே டொக்.

நான் ஸ்டியரிங்கில் குத்துவேன். “கேட்டுச்சா?” என்று பின்னால் இருப்பவளைக் கேட்பேன்.

“கேட்டுச்சுங்க.”

“எந்தப் பக்கம்? வலதா, இடதா?”

கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வரும். “எடப் பக்கம் மாதிரி இருக்குங்க.”

“மாதிரின்னா? நல்லா காதக் குடுத்துக் கேட்டுச் சொல்லு. நீ பின்னாடிதானே இருக்க?”

திருஷ்டி பட்டிருக்கும் என்று லயத்தில் ஒருவர் சொன்னார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினோம். பழம் நசுங்கியது, சத்தம் அப்படியே இருந்தது. முதலில் இடது வளைவுகளில் மட்டும் வந்தது, பிறகு எல்லா வளைவிலும் வரத் தொடங்கியது. கடைசியில் பள்ளத்தில் விழுந்து எழும்பினாலே வந்தது. ஓட்டைக் கார் வாங்கி ஏமாந்த வாத்தியார் என்று ஊர் சிரிக்கப் போகிறது என்பதுதான் அப்போது என் கவலை.

ஒரு சனிக்கிழமை நானே டிக்கிக்குள் படுத்துக்கொண்டேன். பாஸ் ஓட்டினார். டிக்கி மூடியைக் கயிற்றால் பாதி கட்டியிருந்தோம். மல்லியப்பு சந்திப் பக்கம் என்னிடம் படிக்கிற பிள்ளையின் அப்பா ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, “சேர், என்னங்க சேர்?” என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. மானம் போனதுதான் மிச்சம், ஒரு சத்தமும் வரவில்லை. அதற்கடுத்து பின் சீட்டில் இரண்டு அரிசி மூட்டைகளை ஏற்றி ஓட்டினோம். அப்போதும் இல்லை.

பாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கேட்டார். “சேர், சத்தம் வர்றப்பல்லாம் வண்டியில யாரு இருப்பாங்க?”

“நானும் சம்சாரமும்.”

“நீங்க தனியா ஸ்கூலுக்குப் போறப்ப?”

யோசித்துப் பார்த்தேன். தனியாகப் போனபோது ஒருநாளும் வந்ததில்லை.

“அப்ப அக்காவக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. “அரிசி மூட்டைக்கே வராத சத்தம் அவளுக்கு வருமா? அவ என்ன அவ்வளவு கனமா?” என்றேன். உண்மையில் அவள் அந்த நாட்களில் மிகவும் மெலிந்திருந்தாள். அது என் கண்ணில் படாமல் இல்லை. ஒபரேஷன் உடம்பு தேற நாளாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிப் போனேன். பாஸ் முன் சீட்டில் ஏறி, பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கொட்டகலைப் பக்கமாக ஓட்டினேன். மழை தூறியது. முதல் வளைவில் டொக். “கேட்டுச்சா பாஸ்?” என்றேன், ஏதோ பந்தயத்தில் ஜெயித்தவன் போல. அவர் பின் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது வளைவு தாண்டியதும் முன்னால் திரும்பி நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு, “போதும் சேர். திருப்புங்க” என்றார்.

கராஜில் அவள் தேத்தண்ணி குடிக்க எதிர்க்கடைக்குப் போனாள். பாஸ் பின் சீட்டில் அவள் இடத்தில் ஏறி உட்கார்ந்தார்.

“இந்தச் சாய்மானத்தப் பிடிச்சிருக்கிற கொக்கி தேஞ்சிருக்கு சேர். ஆனா சும்மா சாஞ்சிருந்தா சத்தம் வராது. பாருங்க.” சாய்ந்தார். வரவில்லை. “இப்படிச் செஞ்சாத்தான் வரும்.” இரண்டு காலையும் தரையில் ஊன்றி, முதுகைச் சாய்மானத்தில் அழுத்தி, இடுப்பைச் சீட்டில் இருந்து தூக்கினார். டொக்.

“எதுக்கு அப்படித் தூக்கணும்?” என்று கேட்டேன். அவ்வளவு மடையனாக இருந்திருக்கிறேன்.

பாஸ் இறங்கி, என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். அடுத்தவன் பெண்சாதியின் உடம்பைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. “வளைவு வர்றதுக்கு முன்னாலேயே அக்கா தூக்கிக்கிறாங்க சேர். சால்வையக் கடிச்சிக்கிட்டு இருந்தாங்க. நான் பாத்ததும் சொல்ல வேணாம்னு தலைய ஆட்டினாங்க. வண்டிய விடுங்க. அவங்கள ஆஸ்பத்திரியில காட்டுங்க.”

கொக்கியை மாற்றட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

இப்போது அவள் இல்லாத வீட்டில் இருந்து யோசிக்கும்போது, அந்த ஒரு காரியம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அவள் முதல் நாள் கேட்டபடி முன்னால் உட்கார விட்டிருந்தால், முதல் வளைவிலேயே அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். துரைசானியாக்கிப் பின்னால் வைத்தேன். கண்ணாடியில் அவளுடைய நெற்றியும் பொட்டும் மட்டும்தான் தெரியும். மூன்று மாதமாக, சத்தம் எந்தப் பக்கம் என்று அவளையே கேட்டுத் திட்டிக்கொண்டிருந்தேன். அவளும் நோகிற பக்கத்தைத்தான் சொல்லியிருக்கிறாள்.

அன்று வீட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டேன். “ஏன்டி சொல்லல?”

வலி என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. மலையில் நோவு என்று சொன்னால் அரைப் பேர்தான் விழும் என்று சின்ன வயதிலேயே வாயை மூடப் பழகியவள். ஆனால் அவள் சொன்ன காரணம் அது இல்லை.

“சொன்னா மறுபடி ஒபரேஷன் செஞ்ச அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவாங்க. நீங்க பொம்பள வார்ட்டுக்குள்ள இருக்க முடியாது. போன தடவ ஒரு மாசம் நான் யாரோடயும் பேசல. அவங்க சிங்களத்துல என்னமோ கேப்பாங்க, நான் தலைய ஆட்டுவேன். எதுக்கு ஆட்டினேன்னே எனக்குத் தெரியாது. அங்க கிடந்து சாகுறதுக்கு, இங்க உங்க கார்ல உட்கார்ந்து போயிட்டு வரலாம்னு நெனச்சேன்.”

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள்தான் எழுந்து தேத்தண்ணி ஊற்றினாள்.

மறுநாள் விடிந்ததும் நுவரெலியாவுக்குப் புறப்பட்டோம். அவளை முன் சீட்டில் உட்காரவைத்தேன். தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில், ஒவ்வொரு வளைவிலும் அவள் முகம் எப்படி ஆகிறது என்று அன்றுதான் பார்த்தேன். எவ்வளவு மெதுவாக ஓட்டியும் வளைவு வளைவாகத்தான் இருந்தது.

டொக்டர் ஒரு இளம் பெண். தமிழ் தெரியாது. சிங்களத்தில் கேட்டார், நான் மொழிபெயர்த்தேன். எத்தனை நாளாக வலி என்றார்.

“ரெண்டு கிழமை இருக்கும்னு சொல்லுங்க” என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

நான் அந்த இரண்டு வாரக் கணக்கைச் சொல்லவில்லை. சிங்களத்தில் நானே சொன்னேன். மூன்று மாதம். முதலில் உடம்பு இடது பக்கம் திரும்பினால் மட்டும். ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டு பக்கமும். இப்போது பள்ளத்தில் விழுந்தாலே. ஏறும்போதைவிட இறங்கும்போது அதிகம். ஒரு வலியை அவ்வளவு துல்லியமாகச் சொன்ன புருஷனை அந்த டொக்டர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்.

அவர் பேனையை மேசையில் வைத்தார். “இவ்வளவும் தெரிந்துகொண்டா மூன்று மாதம் சும்மா இருந்தீர்கள்? என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?” என்று கேட்டார்.

நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன். அரசாங்கக் கந்தோரில், பொலிஸில், எங்கேயும் தடுமாறியதில்லை. அன்று மட்டும், கராஜுக்குப் போய்க்கொண்டிருந்தேன் என்று சொல்ல வாய் எழவில்லை. டொக்டர் பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் கேட்டது என் மனைவிக்குப் புரிந்திருக்காது. குரலும் என் முகமும் புரிந்திருக்கும். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தாள்.

“எயா தன்னே நே, டொக்டர்” என்றாள். அவருக்குத் தெரியாது என்று அர்த்தம். டொக்டருக்கு விளங்கவில்லையோ என்று பயந்து இன்னொரு தடவையும் சொன்னாள். “எயா தன்னே நே.”

அவள் வாயில் நான் சிங்களம் கேட்டது அதுதான் முதல் தடவை. டொக்டர் பேனையை எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.