கால் முளைத்த வெளிச்சவீடு

என் மனுசனுக்கு இங்கிலீசு தெரியாது. ஏ, பி, சி, டி தெரியும். அதற்கு மேல் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவார். ஆனால் பக்கத்து வீட்டுப் பறங்கி அக்கா, தன் பிள்ளைகள் வாசித்து முடித்த படப் புத்தகம் ஒன்றை எங்கள் மகளுக்குக் கொடுத்த அன்று, மனிதர் அவளை மடியில் இருத்தி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டி ஓட்டி, திக்கல் திணறல் இல்லாமல் வாசித்தார். நான் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவ்வளவும் படத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கட்டிய புளுகு.

புத்தகத்தில், தோணிகளுக்குக் கரை காட்டும் ஒரு வெளிச்சவீடு. தினமும் அதற்குக் கையசைத்துவிட்டுக் கடலுக்குப் போகும் தோணிக்காரன் ஒருநாள் திரும்பி வரவில்லை. வெளிச்சவீட்டுக்குக் கால் முளைக்கிறது. அவனைத் தேடிக் கடலுக்குள் இறங்குகிறது. அது எங்கள் முகத்துவாரத்து வெளிச்சவீடுதான் என்று மகளை நம்ப வைத்திருந்தார். கடைசிப் பக்கத்தில் நடுக்கடலில் வெளிச்சவீடு மட்டும் நிற்கும். ஆள் எங்கே என்று அவள் கேட்டால் இவரிடம் பதில் தயார்.

“ஆள் உள்ளுக்க மனே. படியேறிப் போய், ஈரத்த மாத்தி, தேத்தண்ணியும் குடிச்சிட்டுப் படுத்திரிக்கான். வெளிய நிண்டாத்தானே படத்தில தெரியும்?”

“பெரிய துரை, நல்லா வாசிக்கிறீங்க” என்று நான் நக்கலடிப்பேன். அவர் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்த மனிதர்தான் ஒரு காலை சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போனார். கொக்கட்டிச்சோலைப் பக்கம் என் அண்ணனுக்கு வட்டை என்கிற வயல்வெளியில் கொஞ்சம் நிலம் இருந்தது. நெல் எடுத்து வரப் போனவர். அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. துறையில் கண்டதாக ஒருவர் சொன்னார். ஆமிக்காரர் மறித்து இறக்கியதாக இன்னொருவர் சொன்னார். நான் ஏறி இறங்காத முகாம் இல்லை. எந்த வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரும் இங்கே இல்லை.

நாள் போகப் போகச் சொந்தக்காரர் வாயைத் திறக்கத் தொடங்கினார்கள். கிரியையைச் செய், பொட்டை அழி, ஆத்துமா அலையக் கூடாது என்றார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, “சவத்தக் கொண்டுவந்து காட்டுங்க, செய்யிறன்” என்று கத்தி அனுப்பினேன். பொட்டு இருந்தது. மகளிடம் அப்பா வருவார் என்றேன். அவளும் தலையாட்டினாள். பின்னேரங்களில் புத்தகத்தை விரித்து வைத்து, அப்பாவின் கதையை அப்பாவின் குரலிலேயே தனக்குச் சொல்லிக்கொள்வாள். அது ஒன்றுதான் அவளைப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

அப்போதுதான் பறங்கி அக்காவின் தங்கை அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு வீடியோக் கசற் அனுப்பினா. அந்தப் புத்தகத்தைப் படமாக எடுத்திருந்தார்கள். கரண்ட் இல்லாத காலம். கோயில் மண்டபத்தில் சாக்குகளால் யன்னல்களை மறைத்து, ஜெனரேட்டர் போட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பகலில் காட்டுவதாக ஏற்பாடு.

“கடைசியில தோணிக்காரன் வாறானா?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“நானும் இன்னும் பாக்கல்ல கா. புள்ளையள்ட படந்தானே, நல்லாத்தான் முடியும்” என்றா.

அவன் வரவேண்டும், வராவிட்டால் இவள் என்ன ஆவாளோ என்று கொக்கட்டிச்சோலைச் சிவனை வேண்டிக்கொண்டே அவளைக் கூட்டிப் போனேன்.

இங்கிலீசுப் படம் போட்டால் ஒருவர் டீவிக்குப் பக்கத்தில் நின்று தமிழில் கதை சொல்லவேண்டும்; அது எங்கள் ஊர் வழக்கம். அன்றைக்கு அக்கா நின்றா. ஜெனரேட்டர் இரைச்சலுக்கு மேலால் தொண்டை கிழியக் கத்தினா. வெளிச்சவீட்டுக்குக் கால் முளைத்ததும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். படத்தில் தோணிக்காரனுக்கு ஒரு சின்ன மகளும் இருந்தாள். புத்தகத்தில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. யாரைக் கேட்டு அவளை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்களோ! அவள் கரையில் காத்து நிற்க நிற்க, என் மகள் என் கையை இறுக்கினாள்.

கடைசியில் வெளிச்சவீடு தோணியைக் கண்டுபிடித்தது. தோணி கவிழ்ந்து கிடந்தது. படத்துக்காரர் இங்கிலீசில் என்னவோ சொல்லிக்கொண்டே போனார்கள். அக்காவின் சத்தம் நின்றுவிட்டது. அந்த மண்டபத்தில் எந்தெந்தப் பிள்ளைக்கு அப்பா இல்லை என்று அவவுக்குத் தெரியும்.

“என்ன சொல்லுறாங்க? ஆள் எங்க?” என்று சின்னதுகள் கேட்கத் தொடங்கின.

என் மகள் கையை உதறிக்கொண்டு எழும்பினாள். நேரே போய் டீவிக்கு முன்னால் நின்றாள்.

“ஆள் உள்ளுக்க! படியேறிப் போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டுப் படுத்திரிக்கான்!” என்று கத்தினாள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிள்ளை நம்புகிறாள், அது போதும் என்று இருந்தது.

வீட்டுக்கு நடக்கும்போது, “அப்பா சொன்ன மாதிரியே சொன்னாய் மனே. அவன் உள்ளுக்கதான் இரிக்கான்” என்றேன்.

“இல்லம்மா. அவன் செத்திட்டான்.”

நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். “அப்ப ஏன்டி அப்பிடிச் சொன்னாய்?”

“சின்னப் புள்ளையள் அழுவாங்கள் எண்டுதான்.” பிறகு, “உங்களுக்கும் அதுக்குத்தான்மா ஒவ்வொரு நாளும் அப்பாட கதையச் சொல்லுறன். அப்பா வருவாரா எண்டு நான் கேட்டா நீங்க அழுவீங்க. அதான் நான் கேக்கிறல்ல” என்றாள்.

நான் ரோட்டோரத்தில் அப்படியே குந்திவிட்டேன். அவர் போன நாளிலிருந்து அவளுக்கு முன்னால் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை. அன்றைக்கு அடக்க முடியவில்லை, சத்தம் போட்டு அழுதேன். சைக்கிளில் யாரோ வருவதைக் கண்டு, அவள் எனக்கு முன்னால் வந்து நின்று, தன் சட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து என்னை மறைத்தாள்.

“அழுங்கம்மா. ஒருத்தருக்கும் தெரியாது” என்றாள்.