தனியாரைத் தேடிப் போன வளையல்காரர்

1943ஆம் ஆண்டு, ஆனி மாதத்தின் கடைசி வாரம். புதுக்கோட்டைத் தெருக்களில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு காற்று வீசிய ஒரு திங்கட்கிழமை மாலையில்தான் அழகுமலையை நான் முதன்முதலாகச் சந்தித்தேன். அவர் பொன்னமராவதி வளையல் வியாபாரி. தோளில் வளையல் சரம், கையில் இரண்டு விண்ணப்பத் தாள்கள், பின்னால் மகள் சொர்ணவல்லி. அவள் அத்தை வீட்டில் தங்கி எங்கள் பெண்கள் பள்ளியில் படித்தவள், அவ்வாண்டு எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தாள். நான் அவளுடைய தமிழாசிரியை.

“வெள்ளிக்கெழமைக்குள்ள ஏதாச்சும் ஒரு காலேசுல சேத்தாகணும், டீச்சரம்மா. இல்லாட்டி ஆவணியில சேவுகனுக்குக் கட்டிவச்சிருவேன்னு இவ ஆத்தா ஒத்தக்கால்ல நிக்கிறா” என்றார்.

சேவுகன், சொர்ணவல்லியின் தாய்மாமன். நல்லவன், தூக்கத்தைத் தவிர வேறு எதிலும் அவனுக்கு நாட்டம் இருந்ததில்லை.

“இது யாரு காலேசு?” என்று முதல் தாளை நீட்டினார்.

“சமஸ்தானக் கல்லூரி. மன்னருடையது.”

“அவரைத் தசராவுல பாத்துருக்கேன். இது?”

“திருச்சிராப்பள்ளியில் உள்ளது. தனியார் கல்லூரி. பெண்கள் மட்டும் படிப்பது.”

அவர் பெருத்த மரியாதையுடன் தலையசைத்தார். “ரெண்டு நாள் பொறுங்க. புள்ளையைக் குடுக்கப் போறோம். ஆளைப் பாக்காமக் குடுக்க முடியுமா?” என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஆள் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

புதன்கிழமை மாலை திரும்பி வந்தார். சட்டையெல்லாம் ரயில் கரி.

“தனியாரைப் பாத்துட்டேன்” என்றார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவரே விளக்கினார். செட்டியார், உடையார் என்பதுபோலத் தனியாரும் ஒரு பெரிய மனிதர் என்று எண்ணி, அவருடைய மனைவிக்கென ஒரு டஜன் கண்ணாடி வளையல்களைக் கட்டிக்கொண்டு ரயிலேறியிருக்கிறார். திருச்சியில் தெருத்தெருவாகத் தனியார் வீட்டை விசாரித்திருக்கிறார். கடைசியில் ஒரு ஜட்கா வண்டிக்காரர், “தனியா இருக்குறவரா? ஏறுங்க” என்று சொல்லி, உறையூரில் தனியே வாழ்ந்த பெரியண்ணன் என்னும் முதியவரின் வாசலில் இறக்கிவிட்டிருக்கிறார்.

“‘தனியாருங்களா?’ன்னு கேட்டேன். ‘ஆமாப்பா, பன்னெண்டு வருசமாத் தனி ஆளுதான்’னாரு. காப்பித்தண்ணி குடுத்தாரு. ‘எம்பொண்ணை ஒங்ககிட்ட சேக்கலாம்னு வந்தேன்’னேன். பொசுக்குன்னு வெளிய அனுப்பிக் கதவைச் சாத்திட்டாரு.”

சொர்ணவல்லி தாவணி முனையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

“வீட்டுக் கூரை வேற ஒழுகுது. அதையே சரி பண்ண முடியாதவரு எங்கிட்டுக் காலேசு நடத்துறது? நம்ம ராஜா காலேசே போதும், டீச்சரம்மா.”

சொர்ணவல்லியின் சிரிப்பு நின்றது. அவள் மனம் திருச்சியில் இருந்தது. உள்ளூரில் படித்தால், சேவுகன் சனிக்கிழமைதோறும் அத்தை வீட்டுக்கு வந்து உறங்குவான் என்பது அவளுடைய அச்சம்.

நான் பொறுமையாகச் சொன்னேன்: “தனியார் என்பது ஒருவருடைய பெயர் அன்று. அது பலர்பால்.”

“பலரா? நான் பாத்தது ஒருத்தரைத்தானே!”

“அரசைச் சாராத சிலர் கூடி நடத்தும் கல்லூரி என்பது பொருள்.”

“கூட்டு யாவாரமா?” அவர் எழுந்துவிட்டார். “மச்சினன்கூடக் கூட்டுப் போட்டு நான் பட்டது போதும். வேணவே வேணாம்.”

என் இலக்கணம் நிலைமையை மேலும் கெடுத்துவிட்டது. அப்போதுதான் சொர்ணவல்லி மெல்ல வாய் திறந்தாள்.

“அப்பா, ராஜா காலேசுல எல்லாம் ஆம்பளைப் புள்ளைக. என்னையும் சேத்து மூணோ நாலோ பொண்ணுகதான்.”

“அதுக்கென்ன?”

“திருச்சியில முந்நூறு பொண்ணுக.”

அழகுமலை மறுபடியும் உட்கார்ந்தார். “முந்நூறா?”

“ஆமாப்பா.”

“எல்லாத்துக்கும் ரெண்டு கையா?”

“பின்னே?”

அவருடைய உதடுகள் ஓசையின்றி வளையல் கணக்குப் போட்டன. பிறகு, சமஸ்தானக் கல்லூரியின் தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

“ராஜா கோவிச்சுக்க மாட்டாருல்ல, டீச்சரம்மா?”

மாட்டார் என்று நான் உறுதி கூறினேன். வியாழக்கிழமை விண்ணப்பத்தை நிரப்பினேன். வெள்ளிக்கிழமை அவரே கொண்டுபோய்க் கொடுத்து, இடமும் வாங்கி வந்தார். செய்தி கேட்ட சேவுகன் மறுபக்கம் புரண்டு படுத்தானாம்.

மகள் புறப்பட்ட நாளில் நானும் பஸ்ஸடிக்குப் போயிருந்தேன். அன்று பொன்னமராவதியில் சந்தை. எனவே அத்தை துணைக்குச் செல்வதென்றும், அழகுமலை வழியனுப்பிவிட்டு ஊர் திரும்புவதென்றும் ஏற்பாடு. பெட்ரோல் கிடைக்காத போர்க்காலமாதலால் பஸ் கரிப்புகையில் ஓடியது. அது மூச்சு வாங்கிக் கிளம்ப அரைமணி நேரம் ஆயிற்று. அந்த அரைமணி நேரமும் அவர் மகளுக்குப் புத்தி சொல்ல முயன்றார். “பாத்துப் போ, ஆத்தா” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே, “போயிட்டு வாரேன்ப்பா” என்றாள். அழுதவர் அவர்தான்.

அதன்பின் அவரை நான் காணவில்லை. அவ்வாண்டே திருச்சிக்குக் குடிபெயர்ந்த அவர், 1948இல் அங்கேயே காலமானார் என்று சொர்ணவல்லி எழுதினாள். ஆகவே, நான் காதால் கேட்ட அவருடைய கடைசி வேண்டுகோள், நகரத் தொடங்கிய பஸ்ஸின் படியில் வளையல் சரத்தோடு தொற்றிக்கொண்டு அவர் கண்டக்டரிடம் கேட்டதே ஆகும்:

“ஒரே ஒரு சீட்டுக் குடுங்கண்ணே. பாதி வழி, கீரனூரு வரைக்கும் போதும். அங்கிட்டு எறங்கிக்கிறேன்.”