கூடுதலாக இரண்டு பட்டைகள்

"ஷாக் அப்சார்பர்ல கரண்ட் எடுக்கப் போறியா? அதுக்கு எதுக்கும்மா என் வண்டி? உங்க நைனா முதுகுல ஒயரைச் சுத்து. தெனம் எத்தினி மூட்டை ஏறி எறங்குது, ஊருக்கே கரண்ட் குடுக்கலாம்."

திருவண்ணாமலை ரோட்டில் வண்டிகளுக்கு ஸ்பிரிங் வேலை பார்க்கும் பட்டறை முதலாளி சொன்னது இது. பட்டறையே சிரித்தது. பக்கத்தில் நின்ற நைனாவும் சிரித்தார். மகளுக்காக வண்டி கேட்க வந்தவர் வேறென்ன செய்வார்? நைனாவை அப்படிச் சிரிக்க வைத்ததற்காகவே அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. மற்றதெல்லாம் பிறகு சேர்ந்தது.

நைனா செஞ்சி நெல் கமிட்டியில், விவசாயிகள் நெல் கொண்டுவந்து விற்கும் மார்க்கெட்டில், மூட்டை தூக்குகிறவர். அம்மா ரேஷன் கடையில் இன்றும் கைநாட்டுதான். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான், இன்ஜினியரிங் கடைசி வருஷம் வரை வந்ததும் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது.

என் பிராஜெக்ட் இதுதான். சாதாரண ஷாக் அப்சார்பர், வண்டியின் குலுக்கலை உள்ளே இருக்கும் எண்ணெயில் சூடாக்கி வீணடித்துவிடும். நான் எண்ணெய்க்குப் பதில் செப்புக் கம்பிச் சுருளும், அதற்குள் ஏறி இறங்கும் காந்தமும் வைத்தேன். காந்தம் ஆடினால் மின்சாரம் வரும். அதை அதிகமாக எடுத்தால் ஷாக் இறுகும், குறைத்தால் இளகும். வண்டி எவ்வளவு ஆடலாம் என்பதை ஒரு சின்ன சர்க்யூட் போர்டு முடிவு செய்யலாம்.

சிரித்து முடித்த பிறகு அவர் தன்னுடைய மினி வேனைக் கொடுத்தார். அறுவடைக்கு முந்தைய மாதம் அதன் அடியில் படுத்து அளவெடுத்தேன். பின் ஸ்பிரிங் நாலு விரல் அளவு நன்றாக ஆடியது. அந்தக் கணக்கில் சுருள் சுற்றினேன். காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின மதியம் நானே மாட்டிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை காலேஜிலிருந்து எங்கள் பிராஜெக்ட் கைடு சார் பஸ் பிடித்து வந்திருந்தார். வேன் கிளம்பியது. சாரும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். பள்ளத்தில் இறங்கி ஏறியும் மீட்டரில் முள் அசையவில்லை. மாட்டி வைத்த பல்பு எரியவில்லை. வேன் மட்டும் எங்களைத் தூக்கித் தூக்கிப் போட்டது. திரும்பி வந்ததும் முதலாளி டீ கிளாஸோடு வாசலுக்கு வந்தார்.

"இன்னா இன்ஜினியரம்மா, கரண்ட் கட்டா?"

சார் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். "சரி பண்ணிட்டுக் கூப்பிடும்மா. அதுவரைக்கும் மார்க் போட முடியாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். கூடப் படித்தவர்கள் டிகிரி வாங்கினார்கள். நான் வாங்கவில்லை.

சார் போன பிறகுதான் அடியில் குனிந்து பார்த்தேன். பின் ஸ்பிரிங்கில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு இரும்புப் பட்டைகள் கூடியிருந்தன. புது கிரீஸ் பளபளத்தது. முந்தின சாயங்காலம், நான் போன பிறகு முதலாளி போட்டிருக்கிறார்.

"நெல்லு சீசன் ஆச்சே. மூட்டை தாங்கணும்னு இந்தப் பக்கம் எல்லா வண்டிக்கும் போடறதுதான். கமிட்டிக்காரன் பொண்ணு, உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் வலித்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அறுவடை தொடங்கினால் தொண்டூர் வண்டியிலிருந்து அவலூர்பேட்டை வண்டி வரை இங்கேதான் வரிசையில் நிற்கும். பட்டை கூடினால் ஸ்பிரிங் இறுகிவிடும், என் காந்தம் ஆட இடமிருக்காது. காலையில் ஒரு தடவை குனிந்து பார்க்காதது என் தப்பு. ஆனால் ஸ்பிரிங்கிலேயே வாழ்கிற மனுஷனுக்கு என்ன ஆகும் என்று தெரியாதா? தெரிந்தே வாய் திறக்காமல் டீ குடித்துக்கொண்டு பார்த்தார். அதுவரை அவரை அண்ணே என்று கூப்பிட்டேன். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

"வுடு பாப்பா, பெரிய எடம்" என்றார் நைனா. நான் விடவில்லை. தினமும் பஸ்ஸில் அந்தப் பட்டறை தெரிகிற பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன். கோபம் ஆறிவிடக் கூடாதே என்ற பயம் எனக்கு.

அடுத்த அறுவடைக்குச் செய்ததில் சுருளை விட்டுவிட்டேன். பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் மோட்டார்கள் இரண்டு வாங்கி, பல்சக்கரம் சேர்த்தேன். ஸ்பிரிங் அரை விரல் ஆடினாலும் மோட்டார் பல சுற்று சுற்றும். வண்டி துள்ளப் பார்த்தால் போர்டு அதே மோட்டாரை எதிர்ப்பக்கம் தள்ள வைக்கும். அதாவது, அவர் பட்டை போட்ட வண்டிக்கென்றே செய்தது.

வண்டிக்கு அவருடைய மச்சானையே பிடித்தேன். அவலூர்பேட்டையிலிருந்து நெல் ஏற்றி வருகிறவர். திரும்பும்போது காலி வண்டி அந்தப் பட்டைகளால் துள்ளித் துள்ளி, இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டுதான் ஓட்டுவார்.

"எங்க மாமாவுக்குத் தெரிஞ்சா வூட்டுக்குள்ள வுட மாட்டாரும்மா."

"அவருக்குத் தெரியணும்னுதாண்ணா அங்கயே போறோம். பட்டையைக் கழட்ட வேணாம். அவர் போட்டது அப்படியே இருக்கட்டும்."

பட்டறைக்கு எதிரே ஒரு ஸ்பீடு பிரேக்கர் உண்டு. மத்தியானம், எல்லாரும் வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம், காலி வண்டியில் ஒரு குடம் தண்ணீரை வைத்து அதன் மேல் ஓட்டச் சொன்னேன். முதல் தடவை சுவிட்சைப் போடவில்லை. வண்டி எகிறியது, குடம் கவிழ்ந்து உருண்டது. மறுபடி நிரப்பி, சுவிட்சைப் போட்டு, அதே வேகம். பின்பக்கம் மெல்ல ஏறி இறங்கியது. குடம் நின்றது, கொஞ்சம் தளும்பியது. பின்னால் கட்டிய பல்பு எரிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மச்சான் இறங்கி வந்து, "மாமா, இடுப்பே தெரில மாமா" என்றார்.

முதலாளி சோற்றுக் கையோடு எழுந்து அடியில் குனிந்து பார்த்தார். தான் போட்ட பட்டைகள் இருப்பதையும் பார்த்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"நல்லாத்தான் பண்ணிக்கிற. நம்ம பட்டறையிலயே வெச்சி செய்யலாம்மா. வாசல் போர்டு நம்ம கடை பேர்ல இருக்கட்டும், வேலை நீ பாரு."

"நீங்க கையைக் கழுவிட்டு வாங்க" என்றேன். அவர் கழுவிக்கொண்டு வருவதற்குள் நான் கிளம்பிவிட்டேன். அந்த நேரம் எனக்கு இனித்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் மச்சான் இடுப்பு மார்க் போடாது. கைடு சார்தான் போட வேண்டும். நேற்று அவருக்குக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன்: வருகிற திங்கள்கிழமை காலை பத்து மணி, முழு சீசன், கூடுதல் பட்டைகளோடு வண்டி, இடம் போன தடவை நின்ற அதே பட்டறை வாசல். கமிட்டியில் நிற்கும் வேன் டிரைவர்களையெல்லாம் நைனாவை விட்டே கூப்பிடச் சொன்னேன். கடிதத்தின் நகலை இன்று காலை நானே கொண்டுபோய், முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.