வேர் நுனியில் ஒரு தொப்பி

புதுவாயலில் இருந்து எங்கள் இரும்பு ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர் அவர். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. மேசைமேல் பாட்டிலில் வளர்ந்த மணிபிளான்ட்டுக்குத் தினமும் அவரே தண்ணீர் மாற்றுவார்.

அவர் அனுப்பிய ஆட்களில் உலையில் கை வெந்த ஒருவனுக்கு லேசான வேலை கேட்டுப் போனேன். பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"வேர் நுனியில தொப்பி மாதிரி இருக்குது பாரு சார். முன்னாடி இருக்கிற செல்லு உரசி உதிரும், பின்னாடியே புதுசு வந்துக்கினே இருக்கும். எம்பொண்ணு காலேஜ்ல படிச்சிட்டு வந்து சொல்லுச்சு."

"அவன் மனுஷன் சார்."

"இருக்கட்டுமே. உதுந்தத எந்த வேரும் தேடிக்கினு போவாது."

மறுநாள் உலை முன்னால் புது ஆள் நின்றான். கை வெந்தவன் போட்டிருந்த, மாதா படம் ஒட்டிய ஹெல்மெட்டையே அவனுக்கும் மாட்டியிருந்தார்கள்.

ஒரு வேரும் அறுந்துவிடாமல் அவர் தண்ணீர் மாற்றிய பக்குவத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.