பின்னால் நின்ற கை

போன வாரம் திண்டிவனத்தில் எங்கள் தெரு விழா. தண்ணிக் குழாய்க்காக நாலு தடவை ஆபீசுக்கு அலைந்தேன் என்று எனக்கு ஒரு சால்வை போட்டார்கள். எனக்கு விழுந்த முதல் சால்வை. புதுச் சால்வையின் கஞ்சி வாசம் மூக்கில் ஏறியதும் என் கையே அதை உருவி மடித்துவிட்டது. போட்டோவில் சால்வை இல்லை. எல்லாரும் சிரித்தார்கள். என்ன செய்ய, பழைய தொழில்.

தொண்ணூத்தி மூணில் அண்ணனிடம் சேர்ந்தேன். அண்ணன் என்றால் எங்கள் எம்.எல்.ஏ. பிறகு மந்திரி. மேடையில் அவருக்குச் சால்வை போட்டு போட்டோ எடுத்த அடுத்த நொடி, பின்னாலிருந்து அதை எடுக்கணும். அடுத்த ஆள் சால்வையோடு நிற்பான் இல்லையா. மடித்து மூட்டையில் போடணும். அதுதான் வேலை. அவர் பெரிய ஆள் ஆனதை எல்லாம் முதுகுப் பக்கமிருந்துதான் பார்த்தேன். பேப்பர் படத்தில் என் கை மட்டும் வரும். வாட்சை வைத்து வீட்டில் கண்டுபிடிப்பார்கள்.

எங்கள் வீட்டு ஜன்னல் திரை, தலகாணி உறை எல்லாம் அவர் சால்வைதான். ஒன்றை மட்டும் தம்பி சேகர் தொட விடமாட்டான். ஒரு தேர்தல் அன்று பூத் வாசலில் எதிர்க்கட்சிக்காரன் எறிந்த கல்லில் அவனுக்கு இடது கண் போச்சு. அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். தன் தோளில் கிடந்த சால்வையை அவன் மேல் போர்த்தினார்.

"உன் கண்ணுக்கு நான் இருக்கேன்டா. அவனுங்க வாசல மிதிக்க மாட்டேன்."

சேகர் அதைப் பாச்சை உருண்டை போட்டு இரும்புப் பெட்டியில் வைத்தான்.

அப்புறம் சில வருசம் கழித்து ஒரு காலை, விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபம். நிர்வாகிகள் கூட்டம் என்றார்கள். மேடை ஏறினோம். சால்வை விழுந்தது. கை எடுத்தது. மடிக்கும்போதுதான் கரையைப் பார்த்தேன். எங்கள் கட்சிக் கரை இல்லை. நிமிர்ந்தேன். போட்டவர் அந்தக் கட்சியின் மாவட்டச் செயலாளர். கல்லை எறியச் சொன்னதே அவர்தான் என்று ஊரெல்லாம் சொன்னவர்கள் நாங்கள். அண்ணன் அவரைக் கட்டிப்பிடித்தார். மண்டபமே கைதட்டியது. இரண்டாவது சால்வை விழுந்தது. நான் எடுக்கவில்லை.

அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "இன்னாடா தூங்கிக்கினு இருக்க, எடு."

எடுத்தேன். மூட்டை நிறையும் வரை எடுத்தேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் உள்ளூர் டிவியில் காட்டிவிட்டார்கள். சேகர் சோத்துத் தட்டு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"உன் கையப் பாத்தேன்" என்றான்.

மறுநாளிலிருந்து நான் போகவில்லை. யாரும் தேடி வரவும் இல்லை. அந்த வாரமே பேப்பரில் அண்ணன் தோளுக்குப் பின்னால் வேறு கை.

அண்ணன் போய்ச் சேர்ந்து வருசமாச்சு. இப்போதெல்லாம் தலைவர்களே சால்வை வேணாம், புத்தகம் குடுங்க என்கிறார்களாம். சேகர் என்னோடுதான் இருக்கிறான். ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். தெரு விழா முடிந்து வந்து, என் சால்வையை வைக்கலாமென்று அந்த இரும்புப் பெட்டியைத் திறந்தேன். அவனுடையது அங்கே இல்லை. எப்போது எடுத்தான், என்ன செய்தான், தெரியாது. கேட்கவில்லை. பாச்சை உருண்டை வாசம் மட்டும் இருந்தது.